வலைக்கு வெளியே நிற்கும் வேட்டைக்காரர்கள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய், நீர்வேலிப் பக்கம் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை வலை போர்த்திய குடில்களை இப்போது பார்க்கலாம். உள்ளே கறிமிளகாய், குடைமிளகாய், தக்காளி, சலாட் கெக்கரி என்று காசு பார்க்கும் பயிர்கள். பூச்சி வராது என்று நம்பித்தான் செலவழித்து வலை போடுகிறார்கள். பழ ஈ, வண்டு, காய்துளைக்கும் அந்துப்பூச்சி எல்லாம் வெளியே நின்றுவிடுவதும் உண்மைதான். ஆனால் செடியின் சாற்றை உறிஞ்சும் பனிப்பூச்சியோ வெண் ஈயோ எப்படியாவது உள்ளே புகுந்துவிட்டால், திறந்த தோட்டத்து மிளகாயைவிடக் குடிலுக்குள் நிற்கும் மிளகாய் வேகமாகப் பாழாகிறது.

காரணம் வலையின் கண். அது உடம்பின் அளவைத்தான் பார்க்கும். நல்லது கெட்டது பார்க்காது. பனிப்பூச்சி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளம், அகலம் அதில் கால்வாசி. வெண் ஈயை மறிக்கும் 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலையிலும் அது நுழைந்துவிடும். இன்னும் நெருக்கமான வலை போட்டால் காற்றோட்டம் குறைந்து சித்திரை வெயிலில் கன்று வெந்துபோகும். ஆனால் அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சியைத் தின்னும் பொறிவண்டு, வெண் ஈயைப் பிடிக்கும் சிலந்தி போன்றவற்றுக்கு அந்தக் கண்ணில் இடமில்லை. ஆக, தின்பவை வெளியே, தின்னப்பட வேண்டியவை உள்ளே. கழுவிக்கொண்டு போக மழையும் இல்லை.

இதோடு கணக்கும் சேர்கிறது. இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திச் சிற்றுண்ணி 30 பாகை வெப்பத்தில் முட்டையிலிருந்து ஒரு கிழமையளவில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறளவில் முட்டை இடும். கருக்கட்டாத முட்டையும் வீணாவதில்லை, அது ஆணாகப் பிறக்கும். அந்த ஆணுக்கு மரபணுத் தொகுதி ஒன்றே ஒன்றுதான். கிருமிநாசினியைத் தாங்கும் மரபணு அதில் இருந்தால் மறைந்து கிடக்காது, உடனே வேலை செய்யும். மருந்தடித்து நூற்றில் தொண்ணூற்றைந்தைக் கொன்றாலும், மிஞ்சுகிற ஐந்துதான் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன். கடையில் மருந்தின் பெயரை மாற்றி மாற்றி வாங்குவதன் பின்னணி இதுதான்.

சரி, வெளியே நிற்கும் எதிரிகளை நாமே உள்ளே கொண்டுபோய் விட்டால் என்ன? யோசனை பழையது. 1926 இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளிச் செய்கையாளர், வெண் ஈக் குஞ்சுகள் சில கறுத்துக் கிடப்பதைக் கண்டு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவித்தார். அதற்குள் இருந்தது என்காசியா ஃபோர்மோசா என்ற, அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய குளவி. அதை வளர்த்துப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். பிறகு டிடிடி என்ற பூச்சிகொல்லி வந்தது, குளவியை எல்லோரும் மறந்தார்கள். 1960களின் இறுதியில் நெதர்லாந்தில் யான் கொப்பெர்ட் என்ற கெக்கரிச் செய்கையாளர், மருந்து தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால், சிலந்திச் சிற்றுண்ணியைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணியை வளர்த்து விற்கத் தொடங்கினார். அதன் பெயர் ஃபைற்றோசியூலஸ் பெர்சிமிலிஸ். சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஓர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது அது.

இந்தப் பெர்சிமிலிஸின் கதை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அதற்குக் கண் கிடையாது. அரை மில்லிமீற்றர் உடம்போடு, ஆயிரக்கணக்கான இலைகளில் இரை இருக்கும் இலையை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1980களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தார்கள். ஒரு குழாயின் இரு கிளைகளில், ஒன்றில் சிலந்திச் சிற்றுண்ணி கடித்த அவரை இலையின் காற்றையும் மற்றதில் கடிபடாத இலையின் காற்றையும் விட்டார்கள். வேட்டைக்காரச் சிற்றுண்ணி கடிபட்ட இலையின் பக்கமே போனது. கத்தியால் கிழித்த இலை இப்படி அழைப்பதில்லை. சிற்றுண்ணி கடிக்கும்போதுதான் இலை அந்த வாசனைக் கலவையை உண்டாக்கி வெளியே விடுகிறது. அந்தக் கலவையில் ஒன்று மெத்தில் சலிசிலேற்று. மூட்டுவலிக்குப் பூசும் தைலங்களில் மூக்கைத் துளைக்குமே, அதே வாசனைதான். தாக்கப்பட்ட செடி தன் பங்குக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறது என்றே சொல்லலாம்.

குளவிகளின் முறை வேறு. என்காசியா, வெண் ஈக் குஞ்சுக்குள் ஒரு முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். அந்த முட்டையிலிருந்து வரும் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். இதைத் தோட்டத்தில் சரிபார்ப்பது சுலபம். கைவில்லையை (உருப்பெருக்கும் கண்ணாடியை) எடுத்து, காலியான குஞ்சுக்கூட்டைப் பாருங்கள். வெண் ஈ வெளியேறினால் கூட்டின் முதுகு ஆங்கில T எழுத்தைக் கவிழ்த்ததுபோலப் பிளந்திருக்கும், குளவி வெளியேறினால் வட்டமாக ஒரு துளை இருக்கும். அழுக்கணவனில் முட்டையிடும் குளவிகளும் இப்படித்தான்: இலையின் கீழே ஊதிப்போய், பொன்பழுப்பு நிறத்தில், கடதாசிபோல உலர்ந்த அழுக்கணவன்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் நெதர்லாந்துக் கண்ணாடி வீட்டு அனுபவத்தை அப்படியே யாழ்ப்பாணத்துக்குப் பொருத்த முடியாது. பெர்சிமிலிஸ் நம் வெயிலுக்குத் தோதான ஆள் அல்ல. 30 பாகைக்கு மேலே போனால் அது தளர்ந்துவிடும், ஈரப்பதன் குறைந்தால் முட்டை காய்ந்துபோகும். சிலந்திச் சிற்றுண்ணிக்கோ அதே சூடும் வறட்சியும் கொண்டாட்டம். நமக்குப் பாடம் படிக்கப் பொருத்தமான இடம் ஸ்பெயினின் அல்மேரியா. வெயில், பிளாஸ்ரிக் குடில், குடைமிளகாய், பனிப்பூச்சி, வெண் ஈ எல்லாம் நம்முடையதைப் போலவே. 2006 இன் இறுதியில் அங்கிருந்து போன குடைமிளகாயில் அனுமதியில்லாத பூச்சிகொல்லியின் எச்சம் ஜெர்மனியில் பிடிபட்டது. சந்தை கையைவிட்டுப் போகும் நிலை. அடுத்த சில போகங்களுக்குள் அந்தப் பகுதியின் குடைமிளகாய்ச் செய்கை ஏறத்தாழ முழுவதும் இயற்கை எதிரிகளின் பக்கம் திரும்பிவிட்டது.

அதைச் சாத்தியமாக்கியதில் பெரும் பங்கு அம்பிளிசேயஸ் சுவிர்ஸ்கி என்ற சிற்றுண்ணிக்கு. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைக்காரர், ஆகவே சூட்டுக்குப் பயப்படாது. பனிப்பூச்சியின் இளங்குஞ்சு, வெண் ஈயின் முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். என் கணக்கில் இதன் பெரிய பலம் அதுவுமில்லை, மகரந்தத்தையும் தின்று உயிர்வாழும் என்பதுதான். மிளகாய் பூக்கத் தொடங்கியதும், பூச்சி ஒன்றுகூட இல்லாதபோதே, இதைக் குடியேற்றிவிடலாம். பூச்சி வரும்போது காவல் ஏற்கெனவே நிற்கும். தவிடும் அதில் வாழும் தீங்கில்லாத சிற்றுண்ணிகளும் நிரப்பிய சிறு கடதாசிப் பையைக் கிளையில் கொழுவிவிடுகிறார்கள். பைக்குள்ளேயே சுவிர்ஸ்கி பெருகி, சில வாரங்களுக்குச் சிறுகச் சிறுக வெளியே வரும். அதே ஆளைத் தக்காளியில் விட்டால் பயனில்லை. தக்காளித் தண்டில் பிசுபிசுக்கும் நுண்மயிர்களில் அது நடக்க முடியாமல் திணறும்.

மிளகாயில் இலை சுருள்வதைத் தோட்டக்காரர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் சிற்றுண்ணி. இந்த இரண்டாவது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கொழுந்திலையைத் திருப்பி வில்லையில் பார்த்தால் நிறமற்ற நீள்வட்ட முட்டைகள் தெரியும், அவற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிற்றுண்ணி வெண் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிவிட்டுச் செடி பயணம் செய்யும். சுவிர்ஸ்கி மஞ்சள் சிற்றுண்ணியையும் தின்னும், அதன் வாகனத்தின் குஞ்சுகளையும் தின்னும்.

உடனே ஒரு பெட்டி வரவழைப்போம் என்று கிளம்ப வேண்டாம். வெளிநாட்டு உயிரினத்தை நினைத்தபடி கொண்டுவர முடியாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அது நியாயமும்கூட, ஏனென்றால் பல இரை தின்னும் ஒன்று தப்பிப் போய் வெளியே எதைத் தின்னும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்காக இலங்கைக்கு இந்த முறை புதிது என்று நினைப்பதும் சரியில்லை. 1930களில் ஜாவாவிலிருந்து வந்த ஒரு குளவி மலையகத்துத் தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்கியது. 2008 இல் பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிய வெண்மூட்டுப்பூச்சியை, அடுத்த ஆண்டு கொண்டுவந்து விட்ட அசெரோஃபகஸ் என்ற குளவி கட்டுப்படுத்தியது. 1997 இல் கற்பிட்டியில் தலைகாட்டிய தென்னைச் சிற்றுண்ணிக்கு எதிராக லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் வேட்டைக்காரச் சிற்றுண்ணிகளை வளர்த்துத் தென்னந்தோட்டங்களில் விட்டது. குடிலுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலையிலும் பப்பாசியிலும் விட்ட குளவி நிலைத்துக்கொண்டது. குடிலில் ஒவ்வொரு போகமும் செடியைப் பிடுங்கி எறிகிறோம், எதிரிகளும் சேர்ந்தே போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக விட வேண்டும், விடுவதற்கு யாராவது வளர்க்க வேண்டும்.

அந்த வளர்ப்பு எட்டாத தொழில்நுட்பம் அல்ல. லுணுவில முறையில் வேட்டைக்காரருக்குத் தீனி, சேமித்த உணவுப்பொருளில் வரும் சாதாரணச் சிற்றுண்ணி. சிலந்திச் சிற்றுண்ணியைத் தின்னும் நியோசெயூலஸ் லொங்கிஸ்பைனோசஸ், தெற்காசியாவில் பரவலாக வாழும் வெப்பநாட்டு இனம். கிளிநொச்சி விவசாய பீடம் போன்ற ஓரிடத்தில், உள்ளூர்த் தோட்டங்களில் பிடித்த இனங்களை வைத்துத் தொடங்குவதே இறக்குமதியைவிட நல்ல வழி என்று எனக்குப் படுகிறது.

அதுவரை குடில்காரர் செய்யக்கூடியது, மருந்தடிக்கும் பழக்கத்தைத் திருத்துவது. 2021 இல் அரசு இரவோடிரவாக இரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்தச் சொன்னபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இயற்கை எதிரிகள் வர்த்தமானி அறிவித்தலுக்குப் பெருகுவதில்லை. பைரித்ரோயிட் வகை மருந்தின் எச்சம் இலையில் பல வாரம் நின்று வேட்டைக்காரச் சிற்றுண்ணிகளைக் கொல்லும். கந்தகமும் அவற்றுக்கு ஆகாது. ஆகவே முதலில் மஞ்சள், நீல ஒட்டுப்பொறிகளைக் கட்டி எந்த மூலையில் தொடங்குகிறது என்று பாருங்கள், அந்த மூலைக்கு மட்டும் அடியுங்கள். எறும்பு ஏறும் வழியை மறியுங்கள், அது அழுக்கணவனின் இனிப்புக் கழிவுக்காகக் குளவிகளை விரட்டும். ஊதிப்போன பொன்பழுப்பு அழுக்கணவன்கள் ஒட்டியிருக்கும் இலையைக் கிள்ளி எறிய வேண்டாம். ஒரு கிழமை விட்டுவைத்து, வட்டத் துளைகள் விழுந்திருக்கின்றனவா என்று மறுபடி வில்லையில் பாருங்கள்.