ஊர்ப்பொலி: சொல் விளக்கம்

'கம்யூனிட்டி பேஸ்டு லைவ்ஸ்டாக் பிரீடிங்' என்பதைச் 'சமூகம் சார்ந்த கால்நடை இனப்பெருக்கம்' என்று தமிழில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. படிப்பவர் மனத்தில் எழும் பொருள்தான் வேறு. இனப்பெருக்கம் என்றதும் சினை பிடிப்பதும் குட்டி ஈனுவதும் தலை எண்ணிக்கை கூடுவதும் நினைவுக்கு வருகின்றன. அதை ஆடுகள் யார் திட்டமும் இல்லாமல் செய்துகொள்ளும். எந்தக் கிடாயின் குட்டிகள் அடுத்த தலைமுறையாக நிற்க வேண்டும் என்ற தேர்வே இங்கே பேச்சு. 'சமூகம்' இன்னும் மோசம். நம் பேச்சில் அது சாதிக்கு நாகரிகமான மறுபெயராகிவிட்டது.

அந்த ஆங்கிலச் சொல் குறிக்கும் பொருள் இது: சிறு உழவர்கள் பலர் தத்தம் ஆடுகளை வளர்ப்புத் தேர்வுக்காக மட்டும் ஒரே மந்தையாகக் கொள்கிறார்கள். என்ன குணம் வேண்டும் என்று கூடிப் பேசி முடிவுசெய்கிறார்கள். குட்டியின் காதில் எண் வில்லை மாட்டி, தாய் எது, பிறந்த நாள் எது, பால் மறக்கும்போது எடை என்ன, ஆறாம் மாதத்தில் என்ன என்று பதிகிறார்கள். அந்தக் கணக்கையும் தங்கள் கண்ணையும் வைத்துச் சில கிடாய்களைத் தேர்ந்து, வீடுகளுக்குள் முறைவைத்துச் சுற்றவிடுகிறார்கள். தேறாத கிடாய்களை விற்றோ காயடித்தோ விடுகிறார்கள். ஆடு கடைசிவரை அவரவர் ஆடுதான்.

கூட்டு எதற்கு? ஐந்தாறு பெட்டை ஆடு வைத்திருப்பவரிடம் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று கிடாய்க்குட்டிகள் இருந்தால் அதிகம். அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது? ஊர்க் குட்டிகள் முழுவதையும் ஒன்றாக நிறுத்தினால்தான் தேர்வு என்ற சொல்லுக்கே பொருள் வரும். ஒரே கிடாய் ஒரே பட்டியில் ஆண்டுக்கணக்கில் நின்று தன் மகள்களோடே சேருவதும் முறைமாற்றினால் தவிரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொழுகொழுவென்று வேகமாக வளரும் குட்டிக்குத்தான் சந்தையில் நல்ல விலை. அவசரப் பணத்துக்கு முதலில் போவது அதுதான். வாங்க ஆளில்லாத நோஞ்சான் மந்தையில் தங்கிப் பெட்டைகளோடு சேர்கிறது. இப்படியே போனால், யாரும் நினைக்காமலே இனம் இறங்குகிறது. மரபியலார் இதை எதிர்மறைத் தேர்வு என்பார்கள். அதனால்தான் இத்தகைய திட்டங்களில் சுழல்நிதி ஒன்று வைப்பார்கள்: நல்ல கிடாய் வியாபாரியிடம் போகுமுன் குழுவே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். என் கணக்கில் எடைத்தராசைவிட இந்த நிதிதான் முக்கியம்.

சொல்லின் பிறப்பு நெடுங்காலத்துக்கு முந்தியதல்ல. வளரும் நாடுகளில் நெடுநாள் நடந்தது அரசுப் பண்ணை வழி. மேலிருந்து உயர்ரகக் கிடாய் இறங்கும், உழவர் வாங்கிக்கொள்வார். எத்தியோப்பியா அவாசி, கொரிடேல் போன்ற அயலினங்களைக் கொண்டுவந்து மலைநாட்டுச் செம்மறிகளோடு கலந்து பார்த்தது. எதிர்பார்த்த மாற்றம் உழவர் பட்டிக்கு வந்து சேரவில்லை. 1998இல் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் நடந்த உலகக் கால்நடை மரபியல் மாநாட்டில் இந்தக் கருத்து 'வில்லேஜ் பிரீடிங்' என்ற பெயரில் பேசப்பட்டது. பின்னால் வில்லேஜ் போய் கம்யூனிட்டி வந்தது. 2009இல் எத்தியோப்பியாவில் மென்ஸ், போங்கா, ஹோரோ, அஃபார் ஆகிய நான்கு செம்மறி இனங்களோடு தொடங்கிய முயற்சிதான் இச்சொல்லைப் பரவலாக்கியது. இகார்டா என்ற வறள்நில வேளாண் ஆய்வு மையம், இல்ரி என்ற பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனம், வியன்னாவின் போகு பல்கலைக்கழகம் ஆகியவை அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தியது அது. மெக்சிகோவின் சியாபாஸில் த்சோத்சில் பழங்குடிப் பெண்களின் கதை இன்னும் சுவையானது. ஆடு மேய்ப்பதும் கம்பளி நெய்வதும் அவர்களே என்பதால், எந்த ஆட்டின் மயிர் நல்லது என்ற அவர்களின் கைப்பழக்கமே அங்கே தேர்வுக்கு அளவுகோலானது.

தமிழுக்கு வருவோம். 'பிரீட்' என்ற ஆங்கிலச் சொல் குஞ்சுகளை அடைகாக்கும் 'புரூட்' என்பதோடு ஒரே வேர் கொண்டது. பேணி வளர்ப்பதே அதன் பழம்பொருள். நம்மிடம் 'பொலி' இருக்கிறது. பொலிதல் என்றால் செழித்துப் பெருகுதல். களத்தில் தூற்றிக் குவித்த நெல் பொலி. கல்வெட்டுகளில் முதலிலிருந்து விளையும் வட்டி பொலிசை. மந்தைக்கென்று தேர்ந்து விட்ட ஆண் விலங்கு பொலிகாளை, பொலிகிடா. பெருக்கம், தேர்வு இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்குகிறது. சமூகத்துக்குப் பதில் 'ஊர்' போதும். ஊர் கூடியது, ஊர் முடிவுசெய்தது என்னும்போது இடத்தையா மனிதரையா சொல்கிறோம்? 'கூட்டுறவு' என்றும் சொல்லலாம். எத்தியோப்பியக் குழுக்கள் பல கூட்டுறவுச் சங்கங்களாகப் பதிவானவைதாம். ஆனால் பதிவு ஒரு சட்ட வடிவம், முறைக்கு அது இன்றியமையாததல்ல.

ஆகவே 'ஊர்ப்பொலி'. அலுவல் எழுத்தில் விரித்துச் சொல்ல வேண்டுமானால் 'ஊர்க்கூட்டு இனமேம்பாடு'. கலப்பினமாக்கலோடு இதைக் குழப்பக் கூடாது. ஊர்ப்பொலி பெரும்பாலும் உள்ளூர் இனத்தை அதற்குள்ளேயே தேர்ந்து உயர்த்துவது. 'இந்த ஊர்ப்பொலியில் எத்தனை பட்டிகள் சேர்ந்திருக்கின்றன?' என்று கேட்டால் காதில் உறுத்தவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதி போன்ற வறண்ட நிலங்களில் மேய்ப்பர்கள் மந்தையோடு இடம்மாறிக்கொண்டே இருப்பார்கள். எடைபோட இந்த மாதம் பார்த்த குட்டி அடுத்த மாதம் எங்கோ இருக்கும். நிலையான ஊரே இல்லாதவர்களின் ஏற்பாட்டை ஊர்ப்பொலி என்பது பொருந்தாது. அங்கே 'மந்தைப்பொலி' என்றே எழுதுவேன்.