நோன்பு வைக்கும்போது கண் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

ரமலான் மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் மகளோடு வந்தார். கிளாக்கோமாவுக்கு, அதாவது கண் நீர் அழுத்த நோய்க்கு, ஐந்து வருடமாக என்னிடம் பார்ப்பவர். வழக்கமாக 15, 16 என்றிருக்கும் கண் அழுத்தம் அன்று 34. 21ஐத் தாண்டினாலே நாங்கள் யோசிக்க ஆரம்பிப்போம். மருந்து போடுகிறீர்களா என்றதும் சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். சீல்கூட உடைக்கவில்லை. "நோன்பு முடிஞ்சதும் போட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன் டாக்டர்."

விசாரித்தால், ஐந்து ரமலானும் இப்படித்தானாம். அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எவ்வளவு பரப்பில் பார்வை இருக்கிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தோம். பழைய தாளில் மூக்குப் பக்கம் சாம்பல் நிறமாக இருந்த இடம் புதிய தாளில் கறுப்பாகியிருந்தது. அந்தப் பார்வை இனி திரும்பாது. கிளாக்கோமாவில் போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான். அந்த ஒரு ரமலானில் மட்டும் இவர் நான்காவது ஆள்.

நால்வரும் சொன்ன காரணம் ஒன்றே: "தொண்டையில கசக்குது டாக்டர், அப்ப உள்ள போகுதுன்னுதானே அர்த்தம்?"

கசப்பது உண்மை. கண்ணின் உள்மூலையில் ஊசிமுனை அளவுத் துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். மருந்தும் அதே வழியில் கொஞ்சம் போகும். எவ்வளவு? ஒரு சொட்டே ஏறக்குறைய ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. அதையும் முழுதாகக் கண் தாங்காது, பாதிக்கு மேல் கன்னத்தில் வழியும். மிச்சத்தில் ஒரு துளியின் சுவைதான் நாக்குக்குத் தெரிகிறது. அது உணவும் இல்லை, பானமும் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் (மார்க்கச் சட்டப் பிரிவிலும்) கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது, தொண்டையில் சுவை தெரிந்தாலும்கூட. சுர்மா இடுவதற்கும் இதே சட்டம்தான். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்தால் கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்றே முடிவு செய்தது. மாலிக்கி மத்ஹபில் தொண்டையை எட்டினால் சட்டம் வேறு. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். தயவுசெய்து பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா? சரி, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரவில் ஒருமுறை போடும் லட்டனோபிராஸ்ட் போன்ற மருந்துக்குப் பிரச்சினையே இல்லை, தராவீஹ் எனும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்து வந்து போடுங்கள். டிமோலால் மாதிரி இரண்டு வேளை மருந்தைப் பெரும்பாலும் சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்துக்கு) ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளை மருந்தென்றால் நீங்களாகக் குறைக்காதீர்கள். என்னைப் போன்றவர்களிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தர முடியும்.

போடும் முறையும் முக்கியம். ஒரு சொட்டுப் போதும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணிலேயே தங்கும், கசப்பும் வெகுவாகக் குறையும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. அந்தப் பெரியவருக்கு என் அறையிலேயே, பகல் நேரத்தில், மகளை விட்டே போடச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் மூலையைப் பிடித்திருந்தார். விரலை எடுத்ததும் எச்சிலை விழுங்காமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கசக்கலையே" என்றார். (இந்த அழுத்திப் பிடிப்பதை நாங்கள் முதல் நாளே கற்றுத்தர வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.)

கிளாக்கோமா உள்ளவர்கள் சஹர் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள், கண் அழுத்தம் ஏறும். இஃப்தார் முதல் சஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

கருவிழிப் புண்ணுக்கு மணிக்கொருமுறை மருந்து எழுதியிருந்தால் பேச்சே இல்லை, பகலிலும் போட்டே ஆக வேண்டும். கண்புரை அறுவை முடிந்தவர்களும் அப்படியே. கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று திரை விழுந்த மாதிரி இருட்டு, இவற்றில் எது வந்தாலும் நோன்பு திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே கிளம்புங்கள். நோயாளிக்கு வேறு நாளில் நோற்கலாம் என்ற சலுகையைக் குர்ஆனே (2:184) தருகிறது.

அடுத்த ரமலானுக்கு முன், அதற்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே ஒருமுறை வந்துவிடுங்கள். பாட்டிலையும் எடுத்து வாருங்கள். திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எழுதித் தருகிறேன்.