ஐஏஎஸ்ஸா, ஐஇஎஸ்ஸா: விண்ணப்பம் போடும் முன்

பொறியியல் கல்லூரிகளில் பேசப் போகும்போதெல்லாம் பெற்றோர் தரப்பிலிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஐஇஎஸ் என்பது ஐஏஎஸ்ஸுக்கு ஒரு படி கீழேதானே, சார்?" மத்திய அரசின் பொறியியல் பணி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்ட வேண்டும், ஏனோ ஊட்டுவதில்லை. எனக்கு வருத்தம் தருவது, தங்கள் பிள்ளை அன்றாடம் காலையில் எழுந்து எந்த வேலையைச் செய்யப் போகிறது என்று அந்த அரங்கில் ஒருவரும் கேட்காததுதான். உயரத்தை அளந்து பார்த்துத் தேர்வெழுதி, பத்தாண்டு கழித்து மேசையில் கிடக்கும் கோப்பைப் பார்த்து மனம் நொந்தவர்களை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'இந்தியப் பொறியியல் பணி' என்ற பெயரில் தனியொரு பணி கிடையாது. யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வில் வெற்றி பெறுவோர் மத்திய பொதுப்பணித் துறை, ராணுவப் பொறியியல் சேவை, எல்லைச் சாலைகள் அமைப்பு, மத்திய நீர் ஆணையம், மத்திய மின்சார ஆணையம், தொலைத்தொடர்புத் துறை, ரயில்வே எனப் பல இடங்களுக்குப் பிரிந்து செல்கிறார்கள். அனைவரையும் சேர்த்து ஐஇஎஸ் என்று அழைப்பது பேச்சு வழக்கு மட்டுமே. ஐஏஎஸ் அப்படியன்று, அரசமைப்புச் சட்டத்தின் 312-ஆவது பிரிவின்கீழ் வரும் அகில இந்தியப் பணி அது. அதில் சேர்பவர் ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டு, அங்கே சார் ஆட்சியர், ஆட்சியர், துறைச் செயலாளர் என்று வளர்ந்து, இடையிடையே தில்லிக்கும் போய்வருகிறார். முதல் நாள் அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான்: ஏழாவது ஊதியக் குழுவின்படி நிலை 10, மாதம் ரூ.56,100. எனவே 'ஒரு படி கீழே' என்பது சம்பளச் சீட்டில் தெரியாது. பின்னால், அதிகாரத்தில் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் இடம் பிலிகுண்டுலு. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீர் அளக்கப்படும் அந்த நிலையத்தை நடத்துவது மத்திய நீர் ஆணையம். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் நீரோட்டமானியை, அதாவது நீரின் வேகத்தை அளக்கும் கருவியை, இறக்குகிறார்கள். ஆழம் குறைவான இடத்தில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஒரு முறை வேகத்தை எடுப்பார்கள். ஆழம் மிகுந்த இடத்தில் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி காண்பார்கள். ஒவ்வொரு பகுதியின் வேகத்தையும் அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் விநாடிக்கு எவ்வளவு நீர் என்ற எண் கிடைக்கும். வெள்ளக் காலத்தில் ஆற்றின் படுகையே அரிக்கப்பட்டுப் பழைய குறுக்குவெட்டு செல்லாமல் போய்விடும் என்பதால் அதைத் திரும்ப அளக்க வேண்டும். இந்த எண்ணைச் சரியாகப் பெற்றுத் தருவது பொறியாளரின் வேலை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான நீராண்டில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டிய 177.25 டிஎம்சி இந்த இடத்தில்தான் கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காவிரி நீர் மேலாண்மை ஆணையக் கூட்டத்தில் மாநிலத்தின் நிலையை எடுத்துச் சொல்வதும், அணையை எந்த நாளில் திறப்பது என்ற கோப்பை அமைச்சரிடம் கொண்டுபோவதும், நீர் வராத ஆண்டில் விவசாயச் சங்கத்தினரை எதிரில் உட்காரவைத்துப் பேசுவதும் ஆட்சிப் பணி அதிகாரியின் வேலை.

இதைச் சொல்லிவிட்டு மாணவர்களைக் கேட்பேன்: இந்த இரண்டு நாற்காலிகளில் எதில் உட்கார்ந்தால் மாலையில் வீட்டுக்குப் போகும்போது இன்று வேலை செய்தோம் என்ற நிறைவு உங்களுக்கு வரும்? பாதிப் பேருக்கு உடனே பதில் தெரிந்துவிடுகிறது. மனிதர்களோடு மல்லுக்கட்டுவதில் ஆர்வம் உள்ளவர் நீரோட்டமானியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்; எண் தவறாக இருந்தால் தூக்கம் வராதவர் கூட்ட அறையில் வாடி வதங்க வேண்டாம்.

அதிகாரத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசியாக வேண்டும். பொறியியல் பணியில் இருப்பவர் தன் துறையில் தலைமைப் பொறியாளர் பதவியையும் அதற்கு மேலும் எட்டலாம். ஆனால் அமைச்சகத்தின் செயலாளர் நாற்காலியில் பெரும்பாலும் ஆட்சிப் பணியிலிருந்து வந்தவரே இருப்பார். பதவி உயர்வு தாமதமாகும் மனக்குறையைத் தணிக்கவே ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2009-இல் ஓர் ஏற்பாடு வந்தது. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த ஐஏஎஸ் தொகுதியினர் மத்திய அரசில் ஒரு நிலையை அடைந்தால், அவர்களைவிட இரண்டாண்டு மூத்த பிற குரூப் ஏ பணியினர், அந்தப் பதவி கிடைக்காவிட்டாலும், அந்த நிலையின் சம்பளத்தைப் பெறலாம். சம்பளம் வரும், நாற்காலி வராது. என் சகாக்கள் சிலர் இதைக் கடைசிவரை ஜீரணிக்கவில்லை. எனக்கு அது பெரிதாகத் தோன்றாததற்கு என் குணம் காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் குணம் என்ன என்பதை இருபத்திரண்டு வயதிலேயே யோசித்துவைப்பது நல்லது. மறுபுறம், 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாட்களில் மீட்டு நிறுத்திய இ. ஸ்ரீதரன் இந்தத் தேர்வின் வழியாகத்தான் ரயில்வேக்கு வந்தார். அந்த 46 நாட்களை எந்த நாற்காலியோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இனித் தேர்வுக்கு வருவோம். பலரும் வழுக்கி விழும் இடம், இரண்டு தேர்வுகளிலும் முதல்நிலைத் தேர்வு ஒரே வேலையைச் செய்கிறது என்ற எண்ணம். ஐஏஎஸ்ஸுக்கு ஆள் எடுக்கும் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை ஒரு வாசல். தாண்டியபின் அந்த மதிப்பெண் மறக்கப்பட்டு, முதன்மைத் தேர்வின் 1750-உம் நேர்முகத்தின் 275-உம் சேர்ந்த 2025-இல்தான் தரவரிசை அமைகிறது. பொறியியல் பணிகள் தேர்விலோ முதல்நிலையின் 500 மதிப்பெண்ணும் இறுதிவரை கூடவே வருகிறது; முதன்மைத் தேர்வு 600, நேர்முகம் 200, ஆக மொத்தம் 1300. கட்ஆஃப் தாண்டினால் போதும் என்று முதல்நிலையை எழுதுபவர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வருகிறார்.

அந்த 500-இல் 200 பொது அறிவும் பொறியியல் திறனும் சேர்ந்த முதல் தாளுக்கு உரியது. 2017-இல் தேர்வு முறை மாறியபோது வந்த தாள் இது. நடப்பு நிகழ்வுகள், தர்க்கம், பொறியியல் கணிதம், வடிவமைப்பும் பாதுகாப்பும், தர நடைமுறைகள், ஆற்றலும் சுற்றுச்சூழலும், திட்ட மேலாண்மை, பொருளறிவியல், தகவல் தொழில்நுட்பம், பொறியியல் நெறிமுறை எனப் பத்துப் பகுதிகள் இதில் அடங்கும். நம் பிள்ளைகள் தங்கள் பாடத்தை ஆறு மாதம் உருப்போட்டுவிட்டு இந்தத் தாளைக் கடைசி மூன்று வாரத்துக்கு ஒதுக்குகிறார்கள். சிவில் படித்தவர் பொருளறிவியலையும், இசிஇ படித்தவர் திட்ட மேலாண்மையையும் அந்நியமாகப் பார்ப்பதுதான் காரணம். ஒவ்வொன்றும் தனித்தனியாக எளியது; பத்தும் சேரும்போது கனக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் முதல் மாதத்திலிருந்தே கொடுப்பதைத் தவிர வேறு வழியை நான் பார்க்கவில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதையும், முதல்நிலையில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பதையும் பயிற்சிக் காலத்திலேயே உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

முதன்மைத் தேர்வு முற்றிலும் கைவேலை. தலா 300 மதிப்பெண், 3 மணி நேரம் கொண்ட இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள் எழுத வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மதிப்பெண்ணுக்கு 36 விநாடி. 12 மதிப்பெண் உட்பிரிவு ஒன்றுக்கு ஏழு நிமிடம் சொச்சம். அதற்குள் படம் வரைந்து, அனுமானத்தை எழுதி, சூத்திரத்தைக் குறிப்பிட்டு, எண்களைப் போட்டு, அலகோடு விடையை எழுதி முடிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, நன்றாகப் படிப்பவர், தன் பயிற்சித் தாளைக் கொண்டுவந்து காட்டினார். 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனையிலும் எளிமையாகத் தாங்கப்பட்ட உத்தரம். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீரான சுமை. அதிகபட்ச வளைதிருப்பத்தை (சுமை உத்தரத்தை வளைக்கும் விளைவின் அளவு) 15 கிலோநியூட்டன்-மீட்டர் என்று எழுதி, அதன்மேல் கம்பிக் கணக்கு முழுவதையும் அழகாகக் கட்டியிருந்தார். மீட்டருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுப்பதற்குப் பதிலாக நீளத்தால் மட்டும் பெருக்கி எட்டால் வகுத்துவிட்டார். சரியான விடை 90. சூத்திரம் தெரியாதவர் அல்லர். மொத்தச் சுமைக்கான சூத்திரத்தையும் மீட்டர் சுமைக்கான சூத்திரத்தையும் அவசரத்தில் கலந்துவிட்டார். வளைதிருப்பப் படத்தை வரைந்திருந்தால், தாங்கிகளில் எதிர்விசை 60 கிலோநியூட்டன் இருக்கும்போது நடுவில் 15 எப்படி வரும் என்று கை தானாக நின்றிருக்கும். படம் வரைய ஒரு நிமிடம் வீணாகும் என்று விட்டதாகச் சொன்னார். வேலைக்கு வந்தபின் நடுச்சாமத்தில் ஒப்பந்ததாரர் அனுப்பும் வரைபடத்தைச் சரிபார்க்கும்போது இந்தப் பழக்கம்தான் நம்மைக் காப்பாற்றும். தேர்வு இந்த ஒரு விஷயத்தில் வேலைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது.

'இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன், ஆப்ஷனலாக சிவிலை எடுத்துக்கொண்டால் ஒரே படிப்புதானே' என்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 1750-இல் 500 மட்டுமே. மிச்சம் 1250-உம் கட்டுரையும் பொது அறிவுத் தாள்களும். 150 சொல்லிலும் 250 சொல்லிலும் ஒரு கருத்தை நிறுவும் அந்த எழுத்துக்கும், மேலே சொன்ன உத்தரக் கணக்குக்கும் பொதுவானது பேனா மட்டும்தான். தேதிகளும் ஒத்துழைப்பதில்லை. 2025-இல் பொறியியல் பணிகள் முதன்மைத் தேர்வு ஆகஸ்ட் 10. குடிமைப் பணி முதன்மைத் தேர்வு தொடங்கியது ஆகஸ்ட் 22. பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டையும் ஒழுங்காக எழுதியவர் இருக்கலாம். என்னிடம் வந்தவர்களில் இல்லை.

வயதை வைத்து வரிசைப்படுத்துவதே விவேகம். பொதுப் பிரிவினருக்குப் பொறியியல் பணிகள் தேர்வின் கதவு 30-இல் மூடுகிறது. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். குடிமைப் பணித் தேர்வுக்கு 32 வயது வரை ஆறு வாய்ப்புகள். (பிற பிரிவினருக்கு உரிய தளர்வுகள் இரண்டிலும் உண்டு.) முதல்நிலையின் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே ஒரு வாய்ப்பு கழிந்துவிடும் என்பதால் 'சும்மா அனுபவத்துக்கு' என்று கல்லூரிக் கடைசி ஆண்டில் குடிமைப் பணித் தேர்வை எழுதிப் பார்ப்பது வீண்செலவு. படித்தது மனத்தில் சூடாக இருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பொறியியலுக்குக் கொடுங்கள். மொழி விஷயத்தில் மட்டும் நேர்மாறு: குடிமைப் பணி முதன்மைத் தேர்வையும் நேர்முகத்தையும் தமிழிலேயே சந்திக்கலாம், பொறியியல் பணிகள் தேர்வு முழுவதும் ஆங்கிலம்.

காலியிடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023-இல் 327 என்று அறிவிக்கப்பட்ட இடங்கள் 2024-இல் 167 ஆயின. 2025-க்கு முதலில் 232 என்று வந்து, பிறகு 457 ஆனது. கடைசி மாற்றத்துக்குக் காரணம் ரயில்வே. எட்டுப் பணிகளை ஒன்றாக்கும் முடிவு 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டு, ஆள்சேர்ப்பு குடிமைப் பணித் தேர்வின் பக்கம் போய், 2024 அக்டோபரில் தொழில்நுட்பப் பிரிவுகள் மீண்டும் பொறியியல் பணிகள் தேர்வுக்கே திரும்பின. விண்ணப்பம் மறுபடி திறக்கப்பட்டு, முதல்நிலைத் தேர்வு பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரயில்வே கனவோடு படித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆகவே போன ஆண்டு கட்ஆஃபை வைத்து இந்த ஆண்டு ஜாதகம் கணிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டை விட்டு வெளியே போக மனமில்லாதவர்கள் டிஎன்பிஎஸ்சியின் பொறியியல் பதவிகளையே முதல் இலக்காக வைப்பதில் எந்தக் குறைவும் இல்லை. உதவிப் பொறியாளருக்கு ரூ.37,700-இல் தொடங்கும் ஊதியம், சொந்த மொழியில் வேலை. கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத் தாள் திருத்தப்படாது என்பதை மட்டும் ஆங்கில வழியில் படித்தவர்கள் மறக்கக் கூடாது.

கடைசியாக, யாரும் முன்கூட்டிக் கவனிக்காத ஒன்று. மூன்றாண்டுகள் உழைத்து, நேர்முகமும் முடித்து, மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்கு நிறக்குருடு இருப்பதை முதன்முதலில் தெரிந்துகொண்ட இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் முதலிடத்தில் குறித்திருந்த பணி நிறப்பார்வையைக் கட்டாயமாகக் கேட்பது. சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிறவியிலிருந்தே ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கின்றன. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. புள்ளிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகள் எந்தக் கண் மருத்துவரிடமும் இருக்கும். ஐந்து நிமிட வேலை. எந்தப் பணியை முதலில் குறிப்பது, எதை விடுவது என்று விருப்ப வரிசையை நிரப்புவதற்கு முன், முடிந்தால் புத்தகம் வாங்குவதற்கும் முன், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.