வண்டி ஹீட் ஆகுதா? ரேடியேட்டரை கழட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க என்கிட்ட வந்ததும் கேக்கற முதல் கேள்வியே, வண்டி ஹீட் ஆகுது, ரேடியேட்டர் மாத்திடலாமாங்கறதுதான். நான் திருப்பிக் கேப்பேன், எப்போ ஹீட் ஆகுது? நிக்கும்போதா ஓடும்போதா? பாதி விடை அதுலயே இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது ஏறி, ஓடினா இறங்குதுன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம், ஃபேன், ஃபேன் பெல்ட், ரேடியேட்டருக்கு முன்னாடி அடைஞ்ச தூசி. வேகமா போகும்போது ஏறுதுன்னா ஒண்ணு தண்ணி சரியா சுத்தலை, இல்ல இன்ஜினே அதிகமா சூட்டை கிளப்புது.

ஒரு ரெண்டு சீட்டர் வந்துச்சு, ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, எலெக்ட்ரிக் ஃபேன் வேற, எல்லாம் மாத்தியும் நல்ல ரோட்ல இருபது நிமிஷத்துல முள்ளு மேல போயிடுது. ஐட்லிங்ல ஒரு குறையும் தெரியல. நல்லா சூடானதும் ஒருத்தரை ஆக்சிலேட்டர் பிடிக்கச் சொல்லி 3000 ஆர்பிஎம்ல வச்சிட்டு, ரேடியேட்டர் அடில இருந்து இன்ஜினுக்கு தண்ணி போற கீழ் ஹோஸையே பாத்துட்டு நின்னேன், மெதுவா நசுங்கி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு, காலை எடுத்ததும் பழையபடி உப்பிடுச்சு! பம்ப் உறிஞ்சற பக்கம் அது, ஹோஸ் தொளதொளன்னு ஆகிட்டா, உள்ள சுருள் கம்பியும் இல்லைன்னா இப்படித்தான் மடங்கும். அவ்ளோ செலவு பண்ணினவருக்கு போனது ஒரு ஹோஸ்தான். எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு.

மீட்டரையும் நம்பிடாதீங்க. 1960கள்ல வந்த நிறைய பிரிட்டிஷ் வண்டில டெம்பரேச்சர் மீட்டர், பெட்ரோல் மீட்டர் ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான், 10 வோல்ட். அது போச்சுன்னா, இல்ல அதோட எர்த் லூஸ்னா ரெண்டு முள்ளுமே ஏத்திக் காட்டும். அதனால பெட்ரோல் முள்ளும் சேந்து ஏறியிருக்கான்னு பாருங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு தண்ணி திறந்து விடற வால்வு) இருக்கற ஹவுசிங்ல அளந்தா உண்மை தெரிஞ்சிடும், பளபளக்கற அலுமினியத்துல தப்பா காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதுமேல அளங்க.

டைமிங்கை, அதாவது ஸ்பார்க் எப்போ வருதுங்கறதை யாரும் யோசிக்கறதே இல்ல. ஸ்பார்க் லேட்டா வந்தா எரியறதும் லேட்டா எரியும், அந்த சூடு வேலை செய்யாம எக்ஸாஸ்ட் பக்கமும் தண்ணிலயும் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டர்ல ஸ்பார்க்கை முன்கூட்டியே வர வைக்கற வேக்யூம் டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தாலும் இதே கதைதான்.

வண்டிக்கு வண்டி குணமும் மாறும். டிரையம்ஃப் ஸ்டாக், 1970ல இருந்து 1977 வரைக்கும் வந்த 3 லிட்டர் வி8, அதுல வாட்டர் பம்ப் இன்ஜினுக்கு மேலேயே உக்காந்திருக்கும், கூலன்ட் கொஞ்சம் குறைஞ்சாலே பம்ப் காத்தைத்தான் இழுக்கும், இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டோ அலுமினியம், அப்புறம் வளைஞ்சிடும். பழைய ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போட்டா கூலாகும்னு நினைப்பாங்க, ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி சுத்தற குறுக்கு வழியான பைபாஸை மூடற வேலையும் அதுதான் செய்யுது, எடுத்துட்டா சூடான தண்ணி ரேடியேட்டர் பக்கம் போகாமலே திரும்ப இன்ஜினுக்குள்ள போகும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே ரேடியேட்டர்ல விடாம குமிழி வருதுன்னா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல், ஹெட் கேஸ்கட்டை சந்தேகப்படுங்க. ரேடியேட்டர்ல இன்ஜின் புகை கலந்திருக்கான்னு பாக்கற பிளாக் டெஸ்ட் பண்ணா, கலந்திருந்தா நீல திரவம் மஞ்சளாகும், பெட்ரோல் வண்டிக்கு அது போதும். மஞ்சளாச்சுன்னா அந்த வண்டிய வீட்டுக்கு கூட ஓட்டிட்டுப் போகாதீங்க.

இதை தயவுசெஞ்சு கேளுங்க. 10 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கற மூடி போட்ட ரேடியேட்டர்ல வெறும் தண்ணியே கிட்டத்தட்ட 115 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும். மூடிய திறந்த நொடில அழுத்தம் போய், குபீர்னு கொதிச்சு மூஞ்சிக்கு அடிக்கும், அப்படி வெந்த கையை நான் பாத்திருக்கேன். வண்டி ஹீட் ஆச்சுன்னா ஓரம் கட்டுங்க, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, மேல பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, இரும்பு விரிசல் விடும். மேல் ஹோஸை கையால இறுக்கிப் பிடிக்க முடியற அளவுக்கு ஆறினப்புறம் ஒரு தடிச்ச துணியப் போட்டு மூடிய மெதுவா திருப்புங்க.