தெளிந்த தண்ணீர் கட்டஞ்சாயா ஆன கதை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் சித்தப்பா மகன் தோப்பு வீட்டில் நீச்சல்குளம் கட்டினான். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம். 40,000 லிட்டர் பிடிக்கும். போர்வெல் மோட்டாரை விட்டு விட்டு ஓட்டி நிரப்பினோம். அடியில் ஒட்டிய நீல ஓடுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ராத்திரி குளோரின் போட்டோம். விடிந்து பார்த்தால் கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீயின் நிறம்.

காரணம் இரும்பு. காற்றுப் படாத பாறை இடுக்கில் கிடக்கும் நீரில் இரும்பு நிறமே இல்லாமல் கரைந்திருக்கும். குளோரின் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கியதும் அது கரையாத வகையாக மாறி, துருவாகப் பிரிகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றாலே இந்தக் குளத்துக்கு 40 கிராம் இரும்பு! சிமென்ட் இடுக்கில் கறை ஏற அது தாராளமாகப் போதும்.

நிரப்பும் முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் கலக்கி, ராத்திரி முழுக்க வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்பு, ஆனால் அது பவுடரில் இருந்த சுண்ணாம்பாகவும் இருக்கலாம். காவி இறங்கினால் பெரும்பாலும் இரும்புதான்.

சுண்ணாம்பும் லேசான விஷயமில்லை. எங்கள் பக்கத்து உப்புத்தண்ணி குடத்தில் வெள்ளைப் பொருக்காகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். வெயிலில் குளத்து நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போய் ஓட்டிலும் ஃபில்டரிலும் படியும். நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் கவனிக்க வேண்டும். அது 8-ஐத் தொட்டால், குளோரினில் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் 7.2 முதல் 7.8 வரை வைத்திருப்பது நல்லது.

சரி, ஆழியாற்றிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீர்? வயல் உரம் கலந்து வருவதால் பாசி சீக்கிரம் பிடிக்கும். அதோடு, பயிருக்கு வந்த தண்ணீரில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் அதை மட்டும் நிரப்பினால், இல்லாத சுண்ணாம்பை அது சிமென்டிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். அதனால் கலப்பதுதான் வழி. லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள (அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் அவ்வளவு கரைந்த) போர் தண்ணீரோடு சரிபாதி மழைநீர் சேர்ந்தால் 300 ஆகிவிடும். நீச்சல்குளத்துக்கு அது போதும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் கிடைக்கும். தம்பி இப்போது ஓட்டுக்கூரை ஓரத்தில் மழைநீர் பிடிக்கத் தகரப் பாத்தி அடித்துக்கொண்டிருக்கிறான்.