‘வளைகாப்பு’ என்று சிரித்தார், வளையல் ஏலத்துக்குப் போனது

பணச் சண்டைக்குச் செல்லப்பெயர் வைத்துக்கொள்ளும் தம்பதிகள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். தவணைத் தேதி நெருங்கும்போது வரும் சண்டை ‘ஈஎம்ஐயோ’. ராத்திரி ஒருவர் போனை இன்னொருவர் பிடுங்கி, யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று தோண்டுவது ‘ஜிபேய்’. ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு ஜோடி, எதைக் கேட்டாலும் “காப்பி வித்த பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதற்கு ‘காப்பி வாய்தா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. சேலத்தில் குடும்ப ஆலோசனைக்கு உட்கார்ந்திருக்கும் நானே சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அண்மையில் வந்த ஒரு ஜோடியைப் பார்த்த பிறகு கொஞ்சம் கடிந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை. வெள்ளி விலை எகிறினால் ஆர்டர் குறையும், கூலியும் குறையும். அப்படி ஒரு மாதத்தில் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் வளையலைப் பற்றி எப்போது கேட்டாலும், கணவர் “ஆரம்பிச்சாச்சுய்யா வளைகாப்பு!” என்பாராம். முதல் சில முறை இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். வட்டி மட்டும் கட்டப்படவில்லை. கடைசியில் ஏல நோட்டீஸ் வந்தது. என் மேஜையில் அந்தப் பெண் அதை எடுத்து வைத்தபோதும் மனிதர் விடவில்லை. “வளைகாப்புப் பத்திரிகை வந்துடுச்சு மேடம்” என்றார். சிரித்தது அவர் மட்டும்தான்.

“நாங்க சண்டையைச் சிரிச்சே முடிச்சுடுவோம் மேடம்.” இந்த வரியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. என்ன முடிந்தது? குரல் இறங்கியது, அவ்வளவுதான். அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சிரித்தது அடகுக் கடைக்குத் தெரியாது. சீட்டுத் தவணைக்குத் தெரியாது. நீங்கள் சிரித்த ராத்திரிக்கும் சேர்த்துத்தான் வட்டி போடுவார்கள். வேடிக்கைப் பெயர், பேச்சைக் கோபமில்லாமல் தொடங்குவதற்கு. பேச்சை முடித்துவைப்பதற்கு இல்லை. பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பெயரைச் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள், தூங்கப் போகிறார்கள். மறுபடி கேட்பவருக்கு ‘உனக்குத் தமாஷே புரியாது’ என்ற பட்டம் வேறு. கத்திச் சண்டை போட்டிருந்தாலாவது வளையல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி உயிரோடு இருந்திருக்கும்.

காப்பி வாய்தாக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மலையில் அறுவடை முடிந்து காப்பி விற்றால்தான் கையில் மொத்தமாகப் பணம் புரளும். அதனால் தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாய்தா என்று யார் சொன்னாலும், உடனே தினசரி காலண்டரில் ஒரு தேதியைக் கிழிபடாமல் மடித்து வைத்து, விஷயத்தையும் தொகையையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். ‘தண்ணி மோட்டார், 18,000’ என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தத் தேதி வந்தால் பேசியே ஆக வேண்டும், மறுவாய்தா கிடையாது.

அப்புறம், பெயர் சண்டைக்கு வையுங்கள், ஆளுக்கு வைக்காதீர்கள். ஆளின் பிறந்த வீட்டுக்குச் சத்தியமாக வைக்காதீர்கள். மனைவி தன் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை ‘ஆத்தா ஜிஎஸ்டி’ என்று சொன்ன ஒருவர், அதை நகைச்சுவை என்று என்னிடம் வாதாடினார். நகைச்சுவை இல்லை ஐயா, குத்தல். ஒருவர் “இந்த வார்த்தை வேண்டாம்” என்றால் அன்றோடு அது செத்துப்போக வேண்டும். குழந்தைகள் காதில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வேனில் அப்படியே ஒப்பிக்கும்.

சில விஷயங்களில் தமாஷே வேண்டாம். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து ஒன்று. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. “சும்மா ஒரு கையெழுத்துதாங்க” என்பது பொய். இன்னொன்று மனைவியின் சீதன நகை. அது முழுக்க அவருடைய சொத்து; கஷ்டத்துக்குக் கணவர் எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சம்பளக் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல், கேட்டால் கேலி செய்வது சண்டைக் கணக்கிலேயே வராது. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைப் பொருளாதார வன்முறை என்கிறது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் தயவுசெய்து புதுப்பெயர் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்கள்.

மற்றவர்கள் ஆலோசனைக்கு வரும்போது நகைக்கடன் ரசீது, சீட்டுப் புத்தகம், இருவருடைய வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். மாமியாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.