சிரித்தால் முட்டி மடங்குகிறதா? டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்

போன வாரம் வந்த பெண்ணுக்கு 26 வயது. பதினைந்தில் தொடங்கிய பகல் தூக்கம். பள்ளியில் பெஞ்ச் மேல் நிற்க வைத்தார்கள். வீட்டில் போனைப் பிடுங்கி வைத்தார்கள். அப்புறம் சத்து டானிக், தைராய்டு டெஸ்ட், இரண்டு வருடம் வலிப்பு மாத்திரை, நடுவில் ஒரு தாயத்து. பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற மூளை நோயின் பெயரை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். நோய் ஆரம்பித்துப் பத்து வருடம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூட வந்த அப்பா என்னிடம் கேட்டது: “நல்லாத் தூங்குறா டாக்டர், அப்புறம் எதுக்கு வைத்தியம்?”

இவர்கள் நன்றாகத் தூங்குவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், நார்கோலெப்சி உள்ள பலர் நம்மைவிடப் பெரிதாக அதிகம் தூங்குவதில்லை. இரவில் நாலைந்து முறை விழிப்பார்கள். பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளை மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள சில செல்கள் சுரக்கின்றன. இந்த நோயின் முதல் வகையில் அந்த செல்கள் பெரும்பாலும் அழிந்துபோய்விடுகின்றன. சர்க்கரை நோயாளியிடம் “மனசு வெச்சா இன்சுலின் சுரக்கும்” என்று யாராவது சொல்வோமா? இவர்களிடம் மட்டும் தினமும் சொல்கிறோம். சோம்பேறி, கும்பகர்ணன், ராத்திரியெல்லாம் போன் என்று பட்டம் வேறு.

அந்த வலிப்பு மாத்திரைக்கு வருகிறேன். இவர் தோழிகளோடு சிரிக்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுவார். தாடை தொங்கும், பேச்சு குழறும். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சரியாகிவிடும். அந்த நேரம் முழுக்கச் சுற்றி இருப்பவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். இதைத்தான் வலிப்பு என்று நினைத்துவிட்டார்கள். இது கேட்டப்ளெக்ஸி. எல்லா நார்கோலெப்சி நோயாளிக்கும் இது இருக்காது, ஆனால் இருந்தால் அதைவிடப் பெரிய துப்பு கிடையாது. (சக மருத்துவர்களுக்கு: “சிரிக்கும்போது கை கால் தளருதா?” என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.)

தூங்கி எழும்போது அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி உடம்பு அசையாமல் போவதும் இதில் வரும். அது மட்டும் எப்போதாவது வந்தால் பயப்பட வேண்டாம், நோயே இல்லாதவர்களுக்கும் வரும்.

சோதனைக்கு ஓர் இரவும் மறுநாள் பகலும் ஸ்லீப் லேபில் இருக்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்க வைத்து, எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறீர்கள், கனவுத் தூக்கம் உடனே வருகிறதா என்று பார்ப்போம். முந்தைய ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்காமல் வந்தால் முடிவு தப்பாகிவிடும். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. பகலில் விழித்திருக்க மோடஃபினில், சிரித்தால் விழுவதைத் தடுக்க வென்லாஃபாக்சின் போன்றவற்றால் கட்டுக்குள் வைக்கலாம். வென்லாஃபாக்சினைத் திடீரென்று விட்டால் விழுவது முன்னைவிட மோசமாகத் திரும்பும். மோடஃபினில் சாப்பிடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், அதன் வேலையை இது குறைத்துவிடும். பரீட்சைக்குக் கண்விழிக்க அதே மோடஃபினிலை வாங்கிப் போடும் பிள்ளைகளே, தயவுசெய்து வேண்டாம்.

நோய் கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கும்தான். கிணற்றிலோ ஆற்றிலோ தனியாக இறங்காதீர்கள்.

மருந்தைவிடக் கடினம் கூட நிற்கும் ஆட்களைத் தேடுவது. மதியம் 20 நிமிடத் தூக்கம் இவர்களுக்கு மருந்து மாதிரி. பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அதற்கான கடிதம் கேட்டால் நரம்பியல் மருத்துவர் தருவார், கூச்சப்படாமல் கேளுங்கள். இன்னொரு நோயாளியோடு பேசுவதும் பெரிய பலம். என் புறநோயாளிப் பிரிவில் இருவரின் சம்மதத்தோடு ஒருவரை ஒருவருக்கு அறிமுகப்படுத்தினேன். “நீங்களும் சிரிச்சா விழுவீங்களா?” என்று கேட்டு இரண்டு பேரும் சிரித்து, இரண்டு பேரையும் நாற்காலியில் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மருந்து வாங்கத் தவறாமல் வருகிறார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வரன் பார்க்கும்போது இதை மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டு, பிறகு அதையும் விட்டுவிட்டு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையா? அவர்களையும் அழைத்து வாருங்கள், நான் சொல்கிறேன்.